மூன்று அம்புக்குறியை மாற்றலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் உயர்தர மாணவர் பகுதியில் வரும் பைதன் என்ற நிரல்மொழிப் பயிற்சிகளில், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூன்று அம்புக்குறிகள் (>>>) அச்சாகின்றன. அவை ‘இனி நீ அடிக்கலாம்’ என்று கணினி தானாகப் போடும் ப்ரொம்ட். இதை ஓரிடத்திலாவது சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் அம்புக்குறியையும் சேர்த்தே அடிப்பார்கள், ‘சின்டக்ஸ் எரர்’ (இலக்கணப் பிழை) என்று பதில் வரும், பிழை எங்கே என்று தேடியே ஒரு பாடவேளை போய்விடும். அந்தக் குறிகளை மெல்லிய சாம்பல் நிறத்தில் அச்சிடுங்கள்.

பாடசாலைக் கணினிக் கூடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அந்தக் குறியை நமக்கு வேண்டியபடி மாற்றலாம். ஒரு கணினியில் இரண்டு மூன்று பேர் உட்காரும் மலையகக் கூடங்களில் மாற்றத்தான் வேண்டும்.

பைதனோடு வரும் சிஸ் என்ற மொடியூலில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) பிஎஸ்1, பிஎஸ்2 என்று இரண்டு மாறிகள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்கள்) உண்டு. முதலாவதில் அம்புக்குறிகளும் இரண்டாவதில் முடியாத கட்டளையின் தொடர்வரிக்கான மூன்று புள்ளிகளும் இருக்கின்றன. (பெயர்களை ஒலித்தபடி தமிழில் எழுதுகிறோம். தட்டச்சில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.) பிஎஸ்1க்கு வேறொரு சரத்தை (எழுத்துத் தொடரை) கொடுத்தால் அடுத்த வரியிலேயே குறி மாறிவிடும். சரத்தின் கடைசியில் ஓர் இடைவெளி விட மறந்தால் அடிக்கும் எழுத்து குறியோடு ஒட்டிக்கொள்ளும்.

தமிழிலேயே குறி வைக்கலாம். ஆனால் ‘மலையகம்’ என்று முழுச் சொல்லை வைத்தால் சிக்கல்தான். சில உயிர்க்குறிகளையும் புள்ளியையும் டெர்மினல் (கட்டளை அடிக்கும் சன்னல்) அகலமில்லாதவையாகக் கணக்கிடும், சிலவற்றுக்கு ஓரிடம் ஒதுக்கும். திரையில் தெரியும் அகலமும் அதன் கணக்கும் ஒத்துப்போகாமல் கர்சர் தள்ளி நிற்கும். தனி உயிரெழுத்து என்றால் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளையார் சுழியாகிய ‘உ’ கனகச்சிதமாகப் பொருந்தும். எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பென்றால் ‘அ’ போதும். இதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்க வேண்டாம். பாமினியில் ‘உ’ என்று தெரிவது உள்ளே ‘சி’ என்ற ஆங்கில எழுத்துத்தான், ப்ரொம்ட்டிலும் அதுவே வரும். யுனிகோட் விசைப்பலகை வேண்டும், இந்த மாற்றங்களை எழுதும் கோப்பை யுடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமிக்க வேண்டும். விண்டோஸின் பழைய கறுப்புச் சன்னலில் தமிழ் எழுத்து வெறும் பெட்டியாகத் தெரிந்தால் அங்கே எண்ணோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணைச் சொல்லக் காரணம் உண்டு. பிஎஸ்1க்குச் சரத்துக்குப் பதிலாக ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) கொடுத்தால், ஒவ்வொரு முறை ப்ரொம்ட் போடும்போதும் பைதன் அந்தப் பொருளின் எஸ்டிஆர் மெதட்டை (பொருளைச் சரமாக மாற்றித் தரும் அதன் உட்செயலை) அழைக்கும். அதனுள் ஓர் எண்ணியை ஒன்றால் கூட்டி, 01, 02 என இரண்டு இலக்கமாகத் திருப்பி அனுப்பினால் வரிகளுக்கு இலக்கம் வந்துவிடும். ‘பின்வரிசைக் கணினியில் 07ஆம் வரியைப் பார்’ என்று ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே சொல்லலாம். பிஎஸ்2க்கும் அதே அகலம் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘இஃப்’, ‘ஃபோர்’ ஆகியவற்றின் கீழே விடும் இடைவெளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மலையகத்தில் இதைவிடப் பெரிய பயன் ஒன்றும் அதே மெதட்டில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும். லினக்ஸ் இயங்குதளத்தில், நாம் அடித்த வரிகளைப் பைதன் வீட்டுக் கோப்புறையின் (ஹோம் ஃபோல்டர்) மறைகோப்பு ஒன்றில் சேமிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முறையாக வெளியேறும்போது மட்டுமே சேமிக்கும். கரண்ட் போனால் அன்றைய வரி ஒன்றும் மிஞ்சாது. எஸ்டிஆர் மெதட்டுக்குள் ரீட்லைன் மொடியூலின் (அடித்த வரிகளைப் பட்டியலாக வைத்திருப்பது) ‘ரைட் ஹிஸ்டரி ஃபைல்’ கட்டளையை அந்தக் கோப்பின் பாதையோடு அழைத்தால் ஒவ்வொரு வரி முடிந்ததும் சேமிப்பு நடக்கும். லினக்ஸ் எழுதியதைச் சற்று நேரம் நினைவகத்திலேயே வைத்திருக்கும் என்பதால், அடுத்த வரியில் ஓஎஸ் மொடியூலின் ‘சிங்க்’ (நினைவகத்தில் உள்ளதை வன்தட்டில் எழுதவைக்கும் கட்டளை) என்பதையும் அழையுங்கள். பழைய வன்தட்டில் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. பாதியில் நிற்கும் ‘ஃபோர்’ தொகுதியின் வரிகள் மட்டும் அது முடியும்வரை சேமிக்கப்படமாட்டா.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ரீட்லைனையும் ஓஎஸ்ஸையும் மெதட்டுக்கு உள்ளேயே இம்போர்ட் செய்ய (நிரலுக்குள் கொண்டுவர) வேண்டும். வெளியே செய்துவிட்டு, மாணவர் ஒருவர் ‘ஓஎஸ்’ என்று தன் மாறிக்குப் பெயர் வைத்தால் மெதட் உடையும். பைதன் அந்தப் பிழையைச் சொல்லாது. ப்ரொம்ட் மட்டும் வெறுமையாகிவிடும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

இவ்வளவையும் ஒரு கோப்பில் எழுதி, ‘பைதன்ஸ்டார்ட்டப்’ என்ற, இயங்குதளத்தில் அமைக்கும் சூழல் மாறியில் (ஆங்கிலப் பெரிய எழுத்து, இடைவெளியின்றி) அதன் பாதையைக் கொடுத்தால் பைதனைத் திறக்கும்போதெல்லாம் அது ஓடும். பாதையை முழுமையாக எழுதுங்கள். வீட்டுக் கோப்புறைக்கான அலைக்குறியை (~) பைதன் விரிக்காது. விண்டோஸில் இந்த மாறியை ‘செட்எக்ஸ்’ கட்டளையால் அமைத்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னலில் பலன் தெரியாது; புதிதாகத் திறக்க வேண்டும். அங்கே ரீட்லைன் இல்லாததால் இலக்கத்தை மட்டும் வையுங்கள். பைதனோடு வரும் ஐடில் என்ற நிரல் எழுதும் செயலி இந்தக் கோப்பைத் தானாக வாசிக்காது. 2024 ஒக்டோபரில் வந்த பைதன் 3.13 பதிப்பிலிருந்து ப்ரொம்ட்டே புதிது, வரிகளைத் தன் சொந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே ‘பைதன் பேசிக் ரெப்பிள்’ என்ற மாறிக்கு (பெரிய எழுத்து, சொற்களுக்கிடையே அடிக்கோடு) 1 கொடுத்துப் பழைய முறைக்குத் திரும்பினால்தான் மேற்சொன்ன சேமிப்பு வேலை செய்யும்.

அந்தக் கோப்பில் ‘இம்போர்ட் மாத்’ (கணித மொடியூலைக் கொண்டுவரும் வரி) போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம். அங்கே அறிமுகமாகும் பெயரெல்லாம் மாணவரின் ப்ரொம்ட்டில் தயாராக இருக்கும். வர்க்கமூலம் கேட்டவுடன் கிடைத்துப் பழகிய பிள்ளை, அதையே தனிக் கோப்பில் எழுதி ஓடவிடும்போது ‘நேம் எரர்’ (அந்தப் பெயர் தெரியாது என்ற பிழை) வந்து விழிக்கும். பரீட்சைத் தாளில் இம்போர்ட் வரியை எழுதாமலே விட்டுவிடும்.

ஆசிரியரிடம் இன்னொரு வேண்டுகோள். பத்தி பிரித்து அச்சிடும்போது செய்நிரல் வரிகளின் முன்னாலுள்ள இடைவெளிகள் அழிந்துபோகின்றன. பைதனில் அந்த இடைவெளிதான் இலக்கணம். நான்கு இடைவெளி மாறாமல் தெரியும்படி பயிற்சிகளைப் படமாக எடுத்தே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
உயர்தர ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) கற்பிப்போர் சிலர்,
ஹட்டன்.