ஏழு மணி வகுப்பு வைப்பதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றாலே காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்றாகிவிட்டது. பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். முதல் பாடத்தில் தலை சாய்ந்தால், "ராத்திரி பூரா போன்தானே?" என்று ஏச்சு. போனும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பருவ வயதில், இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிறது. தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. இருபது வயதையொட்டித்தான் அது மறுபடி முன்னுக்கு வரத் தொடங்கும். இதிலும் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு. ஒரே வீட்டில் அக்கா விடியுமுன் புத்தகத்தோடு உட்காருவாள், தம்பிக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் கணக்கு ஓடும்.

இதை அளக்க வழி இருக்கிறது. பெரியவர்களுக்காக ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1976-ல் 19 கேள்விகளில் ஒரு படிவம் தந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடான் குழுவினர் 1993-ல் பத்துக் கேள்விப் படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். மதிப்பெண் கூடினால் காலைப் பிள்ளை, குறைந்தால் மாலைப் பிள்ளை. இரண்டு மணி நேரப் பரீட்சை, நேரத்தை நீயே குறிக்கலாம் என்றால் எப்போது எழுதுவாய் என்பது அதில் ஒரு கேள்வி. காலை ஏழு மணிக்கு உடற்பயிற்சி வகுப்பு வைத்தால் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. நம் பிள்ளைகளிடம் இதை யார் கேட்டோம்?

சரி, படிவத்தை அப்படியே கொடுத்தால் போதுமா? நம் ஊரில் போதாது. ரப்பர் தோட்டப் பக்கம் அப்பா இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்கும், பிள்ளையும் எழும்பிவிடும். அது "காலை" என்றுதான் எழுதும். அது வீட்டு வழக்கம், பிள்ளையின் உடம்பு சொன்னதல்ல. அதனால் தூங்கும் நேரத்தையே கேட்கும் மியூனிக் படிவம் என்ற இன்னொரு படிவத்தில் உள்ளதுபோல விடுமுறை நாளில் தூங்குவதும் விழிப்பதும் எப்போது என்று சேர்த்துக் கேளுங்கள். பன்னிரண்டுக்குத் தூங்கி எட்டுக்கு எழுந்தால் தூக்கத்தின் நடுப்புள்ளி நாலு மணி. பள்ளி நாளில் பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் நடுப்புள்ளி இரண்டு மணி. அந்த இரண்டு மணி நேர இடைவெளியோடுதான் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

விடுமுறை என்றதும் ஞாயிறைக் கேட்டுவிடாதீர்கள். பலருக்கு அன்று முதல் திருப்பலி, அப்புறம் மறைக்கல்வி. டியூசன் இல்லாத சனிக்கிழமையையோ கோடை விடுமுறையையோ கேளுங்கள். அலாரமும் அம்மாவின் கூப்பாடும் இல்லாமல் எழுந்த நேரம் வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே பருவ வயதினருக்குக் காலை 8:30-க்கு முன் பள்ளி வேண்டாம் என்றது. நம் பள்ளி மணி அதற்கு அப்புறம்தான் அடிக்கிறது. சிறப்பு வகுப்பு வைத்து நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

சிறப்பு வகுப்பைக் காலை, மாலை என இரண்டு பிரிவாக வையுங்கள். மாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் பிரச்சினை வரும். நேரத்தை முடிவு செய்யுமுன் டிப்போவில் பேச வேண்டும். படிவத்தின் மதிப்பெண்ணை வைத்து யாரையும் சோம்பேறி என்று முத்திரை குத்த வேண்டாம், வயதோடு அது மாறும். படிவத்தைத் தமிழில் அச்சடிக்கும் செலவைக் கழகமே ஏற்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவனின் தாய்,
குலசேகரம்