முதலில் ஈசிஜி, பிறகு தஞ்சாவூர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 உலக இதய நாள் வந்துவிட்டால் ஊர்வலம், பலூன், வாசகப் போட்டி என்று நம் மாவட்டங்களும் களைகட்டும். நடக்கட்டும். ஆனால் முத்துப்பேட்டையிலோ வேதாரண்யத்திலோ ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிறவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்தப் பதாகைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காக.

மாரடைப்பில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு வெடிக்கிறது. அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்கிறது. மூடிய சிறிது நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் திறந்துவிட்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் திறந்தாலும் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. திறக்க இரண்டு வழிகள்: கேத் லேபில் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) பலூன் விட்டு ஸ்டென்ட் என்னும் சிறு கம்பிவலைக் குழாய் வைப்பது, அல்லது உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. ஈசிஜியில் அடைப்பு தெரிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் உள்ளே போகும் என்றால் அதுவே மேல். போகாது என்றால் ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போடுங்கள். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வண்டி கிடைக்கும் நேரம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி கடைத்தெருக்களைத் தாண்டும் நேரம், போய்ச் சேர்ந்தபின் சீட்டுப் போட்டு, கேத் லேப் ஆட்களைக் கூப்பிட்டு மேசையில் ஏற்றும் நேரம். இரண்டு மணி நேரம் எங்கே மிஞ்சும்? டெல்டாவின் கடலோரத்துக்கு ஊசி முன்னே, பயணம் பின்னே என்பதே சரியான வரிசை. ஊசி போட்டு, 3 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (இதயக் குழாய்களில் அடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பது) செய்துகொண்டால் போதும். தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள மையங்களோடு இணைத்து நடந்த ஆய்வு 2017-இல் ஜாமா கார்டியாலஜி என்னும் மருத்துவ ஆய்விதழில் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியிருந்தது.

ஆனால் நடப்பது வேறு. "தாலுகா ஆஸ்பத்திரியில என்ன இருக்கு" என்று சொல்லி அதன் வாசலைக் கடந்தே கார் பெரிய ஊருக்குப் பறக்கிறது. அதற்கும் முன்னால் வீட்டிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் போயிருக்கும்: வாயுப் பிடிப்பு என்று சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில், முதுகில் தைலம். நெஞ்சின் நடுவே அழுத்தம், அது தாடைக்கோ இடது கைக்கோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ பரவுவது, சட்டை நனையும் அளவு குளிர்ந்த வியர்வை, இவை இருபது நிமிடம் நீடித்தால் வாயுவா இல்லையா என்ற வாதத்தை ஈசிஜி முன்னால் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலோ, வாந்தியோ, திடீர்ச் சோர்வோ மட்டும் வரலாம். நடவு, களையெடுப்பு முடித்து வந்த அம்மா "மயக்கமா வருது" என்றால் வெயில் என்று படுக்கவைத்துவிடுகிறோம். இப்படி மாரடைப்பு என்று தெரியாமலே போய்விடுவது இவர்களில்தான் அதிகம்.

108-ஐ அழைக்கும்போது முதல் சொல்லாகவே "நெஞ்சுவலி" என்று சொல்லுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோவது ஆபத்து. முதல் ஒரு மணி நேரத்தில்தான் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் வாய்ப்பு அதிகம். அப்போது மின் அதிர்ச்சிக் கருவியும் நெஞ்சை அழுத்த ஓர் ஆளும் வேண்டும். அழுத்துவதென்றால் நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடவேண்டும்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரை உண்டு: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, க்ளோபிடோக்ரல் 75 மி.கி. 4, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8, ஆக 14 மாத்திரைகள். ஆஸ்பிரினை மென்று விழுங்கவேண்டும். இதை வாங்கிப் போட்டுக்கொண்டு வலி குறைந்துவிட்டதாகத் திரும்பிவிடக் கூடாது; மாத்திரை கட்டி வளர்வதைத் தடுக்குமே தவிர, அடைத்த குழாயைத் திறக்காது. நாக்குக்கு அடியில் வைக்கும், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே இருந்தாலோ, அடைப்பு இதயத்தின் வலது அறையைப் பாதித்திருந்தாலோ, முந்தைய நாள் ஆண்மைக்கான மாத்திரை போட்டிருந்தாலோ அது அழுத்தத்தை அடியோடு வீழ்த்திவிடும்.

ஆஸ்பத்திரிப் பக்கமும் சில விஷயங்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கவேண்டும். முதல் படம் சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்கவேண்டும். இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. "ஈசிஜி நார்மல்" என்று அல்சர் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இதயத் தசை சேதமானால் கசியும் ட்ரோபோனின் என்னும் புரதம் ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகும் என்பதால் வலி வந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த ஒற்றைச் சோதனையை நம்பி முடிவு கட்டக் கூடாது. இதயத்தின் அடிப்பக்க அடைப்பு என்றால் வலது மார்பிலும் ஈசிஜி லீடு (ஒட்டும் மின்முனை) வைத்துப் பார்க்கவேண்டும்.

ஊசிக்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டார் மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்: எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, அண்மையில் பக்கவாதம், பெரிய அறுவை, கறுப்பு மலம் உண்டா, கட்டி கரைக்கும் ஊசிகளில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகைனேஸ் முன்பு போட்டதுண்டா. அந்த ஊசி 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடம் சொட்டாக ஏறும். நடுவில் அழுத்தம் இறங்கினால் வேகத்தைக் குறைப்பார்கள். இன்னொரு ஊசியான டெனெக்டெப்ளேஸ் என்றால் எடைக்கேற்ப ஒரே தவணை. 60 முதல் 90 நிமிடத்தில் மீண்டும் ஈசிஜி எடுத்து, ஏறியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் ஊசி பலிக்கவில்லை. அப்போது 24 மணி வரை காத்திராமல் நேரே கேத் லேப். அனுப்பும்போது முதல் ஈசிஜியின் படமும் ஊசி போட்ட நேரமும் நோயாளி கையில் இருக்கவேண்டும். நேரம் எழுதாத சீட்டு அடுத்த மருத்துவருக்கு உதவாது.

முன்கூட்டிய பரிசோதனை பற்றி. முகாம்களில் எல்லாருக்கும் ஓர் ஈசிஜி எடுத்து "நல்லா இருக்கு" என்று அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 70 சதவீத அடைப்பு இருப்பவருக்கும் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சரியாகவே இருக்கலாம். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு (ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டக் கூடாது) இவற்றைப் பார்ப்பதுதான் பயன் தரும். நடந்தால் நெஞ்சு பிடித்து, நின்றால் விடுகிறது என்பவருக்கு எக்கோவும் (இதய ஸ்கேன்) ட்ரெட்மில்லும் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) தேவை. அப்பா, அண்ணன் 55-க்கு முன், அம்மா, அக்கா 65-க்கு முன் மாரடைப்பு கண்டிருந்தால் 30 வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அழுத்தம் பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்தபின், கை இதய மட்டத்தில், இரண்டு முறை. வரிசையில் நின்று வந்தவருக்கு, காபி குடித்த கையோடு, பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் வரும். 140/90-க்கு மேல் வேறு வேறு நாட்களில் வந்தால் மாத்திரை தேவைப்படலாம்; அதைத் தொடர்ந்து வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். வெற்றிலையோடு புகையிலை அடக்குவதும் இதயத்தைக் கெடுக்கும். பீடி இல்லை என்பதால் தப்பிவிட முடியாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் பொதுவாக ஓராண்டு விடாமல் சாப்பிடவேண்டும். பல் பிடுங்க வேண்டும் என்று தாமாக நிறுத்தி, ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் ஈசிஜி எடுப்பார்கள், எங்கே கட்டி கரைக்கும் ஊசி இருப்பில் உள்ளது, எந்த கேத் லேப் எந்த நேரம் இயங்குகிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கெங்கே செல்லும் என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு, மாதம் ஒருமுறை ஒரு கட்டமாக வெளியிடுங்கள். வெட்டி எடுத்துக் கதவில் ஒட்டும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொது மருத்துவர்,
மன்னார்குடி