வல்லை வெளிவரை கூட வந்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஈரல் புற்றுநோய்க்குச் சென்னையில் வைத்தியம் செய்துகொண்ட அப்பா நேற்றுப் பின்னேரம் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். நடந்தே வெளியே வந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பையனிடம், "அதிலே எங்கள் பைகளை வை தம்பி, அவைதான் பாரம்" என்றார். அவர் எப்படி இருக்கிறார் என்று காலையிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இதுவே என் பதில்.

என்ன வருத்தம், ஏன் சென்னை, எவ்வளவு முடிந்தது என்பதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அந்தக் கதை முழுவதையும் கேட்டவர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி இன்னும் ஓயவில்லை. அப்பா குடித்ததில்லை. கலியாண வீட்டில்கூடத் தொட்டதில்லை. நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைக் கெடுக்கலாம். அங்கிருந்து புற்றுநோய்வரை போகலாம். மஞ்சட்காமாலைக் கிருமி வகைகள் சிலவற்றாலும் இது வரும். "ஈரல் என்றால் தண்ணிதானே" என்று முகத்தைச் சுழித்தவர்களுக்கும் இந்த மடலில் இடமுண்டு. அவர்களிலும் இரண்டு பேர் காசு தந்தார்கள்.

முதலில் இங்கே உள்ளவர்களுக்கு. யாழ். போதனா வைத்தியசாலையில் வேறு எதற்கோ வயிற்றை ஸ்கான் செய்தபோது, அந்தச் சிறு நிழலைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடாத வைத்தியருக்கு என் நன்றி. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில், படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பயப்படுகிற கட்டத்தில் இது இல்லை, ஆனால் சுணங்குகிற கட்டமும் இல்லை" என்று ஒரே மூச்சில் சொன்ன வைத்தியருக்கும் நன்றி. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை பலர் நடந்து சேர்த்த காசால் வளர்ந்த இடம் அது. நடந்து வந்தவர்களைப் பார்க்கப் பருத்தித்துறையில் கூடிய சனத்துக்குள் அன்று அப்பாவும் நின்றார். அந்தக் கட்டடத்துக்குள் தானே ஒரு கோப்போடு போய் வரிசையில் இருப்பார் என்று அப்போது யார் நினைத்தது?

அப்பாவின் பழைய பஸ் சாலை நண்பர்கள், இளைப்பாறிய சாரதிகளும் நடத்துநர்களும், சீட்டுக்காசை முன்னமே எடுத்துத் தந்தார்கள். கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகளும் பழைய மாணவர்களும் கேட்காமலே அனுப்பினார்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் மருத்துவ விசாவுக்கு எந்தக் கடிதம் குறைகிறது என்று பொறுமையாகச் சொல்லித் தந்த இளம் அலுவலர், பசுவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமி, செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் எங்கள் பெயரில் அன்னதானம் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் இருந்த சித்தப்பா, எல்லோருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். தனித்தனியே எழுதினால் யாரோ ஒருவர் விடுபட்டுப்போவார். பிறகு அது வேறு கோபம்.

சென்னை மருத்துவமனையின் வைத்தியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அப்பா போகும்வரை வயிற்றைப் பிளப்பார்கள் என்றே நினைத்திருந்தார். அவர்கள் தொடை மடிப்பில் ஊசித்துளை அளவில் ஓர் இடத்தைத் திறந்து, நாடி வழியாக மெல்லிய குழாயை ஈரல்வரை கொண்டுபோனார்கள். ஈரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறதாம். நல்ல ஈரல் தனக்கு வரும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு அளவைக் குடலிலிருந்து வரும் நாளத்தால் பெறுகிறது. கட்டியோ பெரும்பாலும் நாடியிலிருந்தே குடிக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வைத்தியம். கட்டிக்குப் போகும் கிளைக்குள் மட்டும் மருந்தை விட்டு, பின்னால் அடைத்துவிடுகிறார்கள். இளம் வைத்தியர் ஒருவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் கீறிக் காட்டினார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "கோரைப் பாத்திக்குப் போகிற வாய்க்காலுக்கு மண் அணைக்கிறீர்கள்" என்றார். வைத்தியர் பேனையை மூடிக்கொண்டு, "இனி மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே சொல்கிறேன் ஐயா" என்றார். மூன்று சென்ரிமீற்றரிலும் சிறிதாக இருந்த மற்றொரு கட்டியைச் சில வாரங்களின் பின் தோலுக்கு மேலிருந்தே ஊசி செலுத்திச் சுட்டுவிட்டார்கள். காய்ச்சலும் நோவும் சத்தியும் சில நாள் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே வந்தன, சொன்னபடியே போயின. அதனால்தான் அம்மா அந்த இரவுகளில் ஒப்பாரி வைக்கவில்லை.

இனி, இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

முதற் சிகிச்சை முடிந்து அப்பாவை அறைக்குக் கொண்டுவந்தபோது மாலையாகிவிட்டது. நாடியைத் துளைத்த இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலது காலை நீட்டியபடி, மடக்காமல், எழும்பாமல், மல்லாந்து கிடக்க வேண்டும். அசைந்தால் இரத்தம் பெருகும். நோவை அப்பா தாங்கிக்கொண்டார். கிடந்த கிடையிலேயே சிறுநீர் கழிப்பதுதான் அவரால் முடியவில்லை. படம் தெரிவதற்காக ஏற்றிய மருந்தும் சேலைனும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. வெளியே ஒன்றும் வரவில்லை. போத்தலைக் கொடுத்தால் என்னைப் பார்க்கிறார், என்னைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். நான் திரைச்சீலைக்கு வெளியே போய் நின்றேன். அப்போதும் இல்லை. வயிறு பறைபோல் வீங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இல்லையென்றால் குழாய் போட வேண்டியதுதான் என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால், அன்று பகல் முழுவதும் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்த மனிதர், அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சிற்றூழியர் வந்தார். வேலை முடிந்து, சீருடை மாற்றி, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டவர். பக்கத்துக் கட்டிலுக்கு எதையோ கொடுக்க எட்டிப் பார்த்தார். அப்பாவின் முகத்தையும், கையில் இருந்த வெறும் போத்தலையும், வெளியே நின்ற என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் அறையெங்கும் கேட்டது. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, திரையை இழுத்து மூடிக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஊரில் என்ன வேலை?"

"பஸ் ஓடினேன்."

"எங்கேயிருந்து எங்கே?"

"யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு."

"சரி, இப்போது எடுங்கள் பார்ப்போம். நானும் ஏறிவிட்டேன்."

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா முதலில் பேசவில்லை. பிறகு மெல்லத் தொடங்கினார். கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய். ஒவ்வொரு இடத்திலும் யார் ஏறுவார்கள் என்று அந்த மனிதர் கேட்டார். கோப்பாயில் கலாசாலைப் பிள்ளைகள், நீர்வேலியில் வாழைக்குலைகளோடு சந்தைக்காரர். குலைக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டார். அப்பாவின் குரல் உயர்ந்தது. நடத்துநருக்கும் குலைக்காரருக்கும் நாள்தோறும் நடந்த சண்டையைச் சொன்னார். சிறுப்பிட்டி தாண்டிப் புத்தூர் வந்தது. அங்கே நிலாவரைக் கிணறு, எவ்வளவு இறைத்தாலும் வற்றாது என்று அப்பா சொன்னதும், "நல்ல இடம் பார்த்துச் சொன்னீர்கள் ஐயா" என்று அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஆவரங்காலும் போனது.

"அடுத்தது?"

"வல்லை வெளி. வீடு வாசல் ஒன்றும் இல்லை. கடல்நீரேரிக் காற்று மட்டும்தான்."

"அவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்களே, அவசரம் என்றால் எங்கே நிறுத்துவீர்கள்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வல்லையில்தான். வேறு எங்கே?"

"அப்படியானால் நிறுத்துங்கள். நான் இறங்கி அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன்."

நிறுத்தினார்.

தாதி வந்து அளந்தபோது அறுநூறு மில்லிலீற்றருக்கு மேல் இருந்தது. அட்டையில் எழுதிவிட்டு, "ஆச்சரியம்தான்" என்றார். அந்த அண்ணன் போத்தலைக் கழுவி வைத்தார், அப்பாவின் விரல்களைத் துடைத்துவிட்டார், போர்வையை இழுத்துவிட்டார், குழாயை மூடினார். கடைசி மின்ரயிலுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்தார். நான் காசை நீட்டினேன். கையை மறைத்துக்கொண்டார். பருத்தித்துறை வடைச் சரையைக் கொடுத்தபோதுதான் ஒன்றை எடுத்து அங்கேயே கடித்தார். உறைப்பில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் கடமைக்கு வந்ததும் நேரே கட்டிலுக்கு வந்து, "நெல்லியடி, மந்திகை எல்லாம் தாண்டிவிட்டோமா ஐயா?" என்று கேட்டார். அங்கிருந்து வரும்வரை அவர்கள் இருவருக்கும் அதுவே வணக்கமாக இருந்தது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கடமை முடிந்தபின் நோயாளியின் அறையில் நின்றது மேலிடத்துக்கு எப்படிப் படும் என்று சொல்ல முடியாது. நன்றி என்ற பெயரில் அவருக்குச் சங்கடம் கொடுக்க விருப்பமில்லை. எழுத வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

எங்கள் பத்திரிகைகளில் வரும் நன்றி நவிலல்களை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், பணிப்பாளர் என்று பட்டங்களோடு வரிசையாகப் பெயர்கள் இருக்கும். கடைசி வரியில் "மற்றும் ஊழியர்கள்" என்று ஒரு சொல். அதற்குள்தான் கட்டிலைத் தள்ளியவர், தரையைத் துடைத்தவர், போத்தலைக் கழுவியவர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். நிபுணர்கள் அப்பாவின் ஈரலைக் காப்பாற்றினார்கள்; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால், மகள் முன்னால் குறுகிப்போய்க் கிடந்த ஒரு கிழவரைத் திரும்பவும் சாரதி ஆசனத்தில் ஏற்றி வைத்தது அந்த மனிதர். அதற்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் கட்டணம் இல்லை.

தங்கிய இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் அதற்கென்று உள்ள படிவத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது இந்தியாவில் விதி. அந்தக் கரைச்சலுக்குப் பயந்து, கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொன்ன விடுதிகள் உண்டு. வாசலில் நின்று தமிழிலேயே வழி கேட்டு, தமிழிலேயே வெளிநாட்டவர் ஆனோம். பெயர் சொல்லி யாரையும் ஏச வரவில்லை. எங்களை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கார அம்மா அந்தப் படிவத்தைத் தானே நிரப்பினார். அப்பாவுக்கு உப்புக் குறைத்துக் கஞ்சி காய்ச்ச அடுக்களையையும் திறந்துவிட்டார். ஆகவே கணக்குச் சரி.

நாங்கள் வாங்கிய மின்னடுப்பு, குக்கர், இரண்டு போர்வை, அப்பாவுக்காகத் தேடிப்பிடித்த சரிவு மெத்தை எல்லாவற்றையும் அந்த அம்மாவிடமே விட்டுவந்திருக்கிறேன். இங்கிருந்து இதே வருத்தத்துக்காக யார் போனாலும் அவை அவர்களுக்கு. போகிறவர்கள் முதலில் என்னிடம் வாருங்கள். எந்தப் படங்களை இறுவட்டில் பதிந்து எடுக்க வேண்டும், எந்த இரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்துகொண்டு போகலாம், கூடப் போகிறவருக்கு எந்த விசா எடுக்க வேண்டும் என்று இருந்து சொல்லித் தருவேன். கோப்பையும் நானே அடுக்கித் தருவேன். நேரம் இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது சந்நிதியானுக்கு வைத்த நேர்த்தி. ஈரல் சுருங்கத் தொடங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்ய வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வதையும் வீடு வீடாகச் சொல்லப் போகிறேன். கரைச்சல் பிடித்தவள் என்றாலும் பரவாயில்லை.

முற்றாகச் சுகம் என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. இப்போது கட்டிகளில் உயிர் தெரியவில்லை என்றார்கள். விட்டுவிட்டுப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முடிவை நானே அறிவிப்பேன். தயவுசெய்து அதை அப்பாவிடம் கேட்காதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள். மா பிஸ்கட், நெஸ்டமோல்ட், லட்டுப் பெட்டி எதுவும் வேண்டாம். அவருக்குச் சீனி வருத்தம், அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, கடைசியில் எல்லாவற்றையும் சாப்பிடுவது நான். வெறுங்கையோடு வர முடியாதவர்கள் ஒரு பிடி முருங்கையிலை முறித்துக்கொண்டு வாருங்கள்.

கோப்பாயிலிருந்து,
உங்கள் பஸ் சாரதியின் மூத்த மகள்