இருபதாம் தேதி கோல் அடித்தால்: நாகர்கோவில் ஆடிட்டர் ஆபீஸ் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆபீஸில் யார் முகத்திலும் ஒரு உயிர்ப்பே இல்லை, கோல் அடித்தவன் மாதிரி இங்கேயும் ஒரு குதி குதித்தால் என்ன என்று கேட்டிருந்தாய். கொள்ளாம், நல்ல யோசனைதான். ஆனால் "இன்று முதல் குதிக்கலாம்" என்று குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிட்டுத் தொடங்கினால் மூன்றாம் நாளே படுத்துவிடும். எப்போது, எந்த இடத்தில், எத்தனை விநாடி என்று மூன்றையும் முடிவுசெய்துகொண்டு இறங்கு.

எப்போது என்பதுதான் பாதி வேலை. கூடைப்பந்தில் ஒரு அணி ஒரே ஆட்டத்தில் நாற்பது தடவை கூடையில் போட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய் ரசிகர்களைக் கட்டிப்பிடிக்க யாருக்கும் நேரமில்லை. கால்பந்தில் தொண்ணூறு நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ. அதனால்தான் தூத்தூர் பக்கம் ஒரு கோல் விழுந்தால் கரையே கத்துகிறது. உன் ஆபீஸில் வவுச்சர் என்ட்ரி, மெயிலுக்குப் பதில், பில் ஸ்கேன் எல்லாம் கூடைப்பந்துக் கணக்கு. அதற்கெல்லாம் கைதட்டினால் கைதட்டலுக்கு மதிப்பு போய்விடும்.

கோல் எது என்று காலண்டரே சொல்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரி) கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப், ஈஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). காலாண்டுத் தாக்கல் போடுகிற சின்னக் கடைகளுக்கு நம் மாநிலத்தில் 22. முந்திரி ஆலை, வலைக்கடை, ரப்பர் வியாபாரி, சிப்ஸ் கடை என்று அறுபது பார்ட்டி இருந்தால் அறுபது கோல் அல்ல. அறுபதாவது பார்ட்டி முடிவதுதான் கோல். வெள்ளைப் பலகையில் "இன்னும் 14", "இன்னும் 9" என்று அழித்து அழித்து எழுது. ஸ்கோர் தெரியாமல் ஆட்டத்தில் சூடு வராது.

அடுத்தது விசில். விளையாட்டில் நடுவர் இருக்கிறார், ஆபீஸில் இல்லை. அதனால்தான் இங்கே எந்த வேலையும் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. உனக்கு நடுவர் ஏஆர்என், ரிட்டர்ன் போய்ச் சேர்ந்ததும் போர்ட்டல் கொடுக்கிற ஒப்புகை எண். ஓடிபி அடித்ததும் கையைத் தூக்கிவிடாதே. 20ஆம் தேதி சாயங்காலம் போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும், டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்துச் சாவி) எம்சைனர் மென்பொருள் கண்டுகொள்ளாது, பணம் வங்கியில் பிடித்தும் லெட்ஜரில் ஏறாமல் இருக்கும். ஏஆர்என் வந்து, நிலை "ஃபைல்டு" என்று மாறிய பிறகுதான் கோல். அதற்கு முன்னால் ஆடிவிட்டு நள்ளிரவு தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன் என்றாலும் 20. போட்டு முடித்த 3பியைத் திருத்தவும் வழியில்லை. ஈட்டி தரையில் குத்துவதற்கு முன்பே திரும்பி நின்று கையை உயர்த்துகிற தைரியம் நீரஜ் சோப்ராவுக்கு உண்டு. டோக்கியோவில் 87.58 மீட்டர் போன கை அது. நமக்கு ஏஆர்என் வரட்டும்.

தேதியோடு ஒட்டாத கோல் ஒன்று உண்டு: பேங்க் டேலி, அதாவது நம் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போவது. வித்தியாசம் 0.00 ஆவது கணக்கு எழுதுகிறவனுக்கு உலகக் கோப்பை. அதைத் துரத்தும்போது இரண்டு சோதனை போதும். வித்தியாசம் ஒன்பதால் மீதமில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்: 5,400ஐ 4,500 என்று அடித்தால் 900 உதைக்கும். ஒன்பதால் வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதியைத் தேடு. 2,500 உதைத்தால் 1,250 என்று ஒரு என்ட்ரி பற்றுக்குப் பதில் வரவில் போய் உட்கார்ந்திருக்கும். கண்டுபிடித்தவருக்குத்தான் ஆடும் உரிமை. பக்கத்தில் நின்று "அப்பவே சொன்னேன்லா" என்றவருக்கு இல்லை.

இனி இடம். டிவியில் பார்த்ததை அப்படியே செய்ய நினைக்கிறவர்கள் முதலில் கூரையைப் பார்க்கட்டும். ரொனால்டோ நாலு எட்டு ஓடி, எம்பி, அந்தரத்தில் திரும்பி, காலை அகட்டி இறங்குகிறார். அவர் தலைக்கு மேலே வானம். உன் தலைக்கு மேலே ஃபேன். ஐந்தடி ஏழு அங்குல ஆள் கையை உயர்த்தினால் ஏழடி; ஒரு அடி எம்பினால் எட்டு. பத்தடிக் கூரையில் ஒன்றரை அடி ராடு தொங்கினால் இறக்கை எட்டரை அடியில் சுற்றும். அரை அடியை நம்பிக் குதிக்க வேண்டாம். திரும்புவதை மட்டும் வைத்துக்கொள்: தரையிலேயே நின்று அரைச் சுற்று, கை இரண்டும் கீழே வீச்சாக, முடிந்தது. சக்கர நாற்காலியிலிருந்து எம்பவே கூடாது. அடியில் யுபிஎஸ் வயர் ஓடுகிறது, நாற்காலி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

முழங்காலில் சறுக்குவது ஈரப் புல்லில் நடக்கும், ஏனென்றால் நீர் வழுக்கிவிடுகிறது, புல் மடங்கிக் கொடுக்கிறது. டைல்ஸில் பேண்ட் துணி பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும், அடி முட்டிச் சில்லுக்கு. நம் ஊருக்கு இரண்டு பருவமழையும் வருகிறபடியால் பாதி வருஷம் படிக்கட்டு நனைந்தே கிடக்கும். படியில் ஓட்டம் கிடையாது என்று எழுதியே ஒட்டிவிடு.

1990 கால்பந்து உலகக் கோப்பையில் கேமரூனின் ரோஜர் மில்லா 38 வயதில் மூலைக் கொடியோடு ஆடினார். ஆபீஸ் மூலையில் என்ன இருக்கிறது? இருபது லிட்டர் தண்ணீர் கேன். மூலைக் கொடிக்கம்பம் குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரம், முனை கூர்மையாக இருக்கக் கூடாது, இடித்தாலும் வளைந்து நிமிரும். கேன் ஸ்டாண்டு அப்படியில்லை. மேலே இருபது கிலோ, கீழே மெலிந்த நாலு கால். ஆட்டத்தை வாசல் பக்கம் மாற்று.

கங்குலி 2002 ஜூலை 13 அன்று லார்ட்ஸ் பால்கனியில் சட்டையைச் சுழற்றியதை எல்லோருக்கும் செய்துபார்க்க ஆசை. ஆனால் அது அதே வருஷம் வான்கடேயில் இங்கிலாந்தின் ஃப்ளிண்டாஃப் சட்டையைக் கழற்றியதற்குப் பதில். பழைய பாக்கி இல்லாமல் அந்தச் சுழற்றலுக்கு ருசி கிடையாது. கால்பந்திலோ 2004 முதல் சட்டையைக் கழற்றினாலே மஞ்சள் அட்டை. உனக்கு ஐடி கார்டுக் கயிறு போதும். கார்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு கயிற்றின் மறுமுனையைச் சுழற்றச் சொல். கயிற்றைப் பிடித்துக் கார்டைச் சுழற்றினால் பிளாஸ்டிக் விளிம்பு பக்கத்து மானிட்டரில் போய் முடியும்.

தென்னாப்பிரிக்காவின் ஷம்சி விக்கெட் எடுத்ததும் ஷூவைக் கழற்றிக் காதில் வைத்துப் போன் பேசுவார். உட்கார்ந்தபடியே செய்யலாம், சத்தமில்லை, ஆபீஸுக்கென்றே பிறந்த மாதிரி. ஆனால் நம் ஊரில் ஒருத்தர் முன்னால் செருப்பைக் கையில் எடுத்தால் அர்த்தம் வேறே. கால்குலேட்டரைக் காதில் வைக்கட்டும். "ஹலோ, ஜிஎஸ்டி ஆபீஸா? முடிஞ்சாச்சு" என்றால் போதும்.

தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கவே முடியாத அண்ணாச்சிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு. நடுவர் பில்லி பௌடன் அவுட் கொடுக்க விரலை நேராக நீட்டாமல் வளைத்துக் காட்டியது மூட்டுவாதத்தால். அந்தக் கோணல் விரலே பிறகு அவர் முத்திரையாகிவிட்டது. ஆகவே ஆளாளுக்கு ஒரு சைகை, அவரவரே தேர்ந்தது, அவரவர் உடம்புக்கு ஏற்றது. கூச்சப்படுகிற அக்காவுக்கு மேஜையில் இரண்டு தட்டு. வேண்டாம் என்பவரை விட்டுவிடு. கட்டாயப்படுத்தினால் அது பள்ளிக்கூட டிரில்.

எத்தனை விநாடி? எட்டு. கால்பந்தில் கொண்டாட்டத்துக்குப் போன நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டிக் கொடுப்பார். வடசேரி பஸ் கூட்டிக் கொடுக்காது. உள்ளே யாராவது போனில் இருந்தாலோ, பெனால்டி நோட்டீஸோடு ஒரு பார்ட்டி வந்து உட்கார்ந்திருந்தாலோ வாய் திறக்காமல் கையை மட்டும் காட்டுங்கள். வேகத்தையும் அடக்கி வை. 2001இல் கால்பந்து வீரர் மார்ட்டின் பலேர்மோ கோல் போட்டுவிட்டு ரசிகர்களிடம் ஓடிப்போய் நின்ற சுவர் சரிந்து காலை முறித்துக்கொண்டார். அதே வருஷம் அமெரிக்கக் கால்பந்தில் பில் கிராமாட்டிகா உதைத்த சந்தோஷத்தில் குதித்து முட்டித் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். இருவருக்கும் அடிபட்டது ஆட்டத்தில் அல்ல.

வேலைக்கு முன்பே வேண்டியது ஒன்று இருக்கிறது. கபடியில் தொடையைத் தட்டுவது ரெய்டு போகும் முன். முப்பது விநாடிதான் கையில், எதிரே ஏழு பேர். ஹெல்ப்லைனுக்குப் போன் போடுகிறவர் அப்படி ஒரு தட்டு தட்டிவிட்டு எண்ணை அழுத்தட்டும். அறை முழுக்கத் தெரிந்துவிடும், இவரை இப்போது கூப்பிடக் கூடாது என்று.

ஆடக் கூடாத கோலும் வரும். கால்பந்து வீரர் பாடிஸ்டுடா பல வருஷம் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு ஆடியவர். 2000இல் ரோமா சட்டையோடு அதே அணிக்கு எதிராக கோல் போட்டுவிட்டு அழுதார். உன் மேஜைக்கும் ஒரு நாள் ஜிஎஸ்டிஆர்-10 வரும். கடையை மூடி, பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் போட வேண்டிய கடைசி ரிட்டர்ன். அதற்கும் ஏஆர்என் வரும், அதே பச்சை டிக். அன்றைக்குப் பலகையில் எண்ணை மட்டும் அழித்துவிட்டு, கடைக்காரர் இருந்தால் அவருக்கு ஒரு சாயா சொல்லு.

7ஆம் தேதியே தொடங்கு. 20க்கு ரசவடை பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் கிடைக்காது.

அன்புடன்,
அண்ணன்