செயலாளரின் ஆண்டறிக்கை: கெப்பாசிட்டர் செலவு குறித்த விளக்கத்துடன்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆயுதபூஜை கொண்டாடினோம். மாணவர்களுக்கு சால்டரிங் பயிற்சி நடந்தது. இரவல் போன மீட்டர்கள் சில இன்னும் திரும்பவில்லை.

இனி நாம் கட்டிய டெஸ்லா காயில்: மின்சாரத்தை மிக உயர்ந்த வோல்டேஜுக்கு ஏற்றிக் காற்றில் நீளப் பொறி விடும் கருவி. டிரான்ஸ்ஃபார்மர் தரும் சார்ஜைக் கெப்பாசிட்டர் சேர்த்து வைக்கும். ஸ்பார்க் கேப் என்ற காற்று இடைவெளியில் பொறி பாயும்போது அது பிரைமரி என்ற சுருளில் கொட்டும், செகண்டரி என்ற பெரிய சுருளில் உயர் வோல்டேஜ் எழும். "கெப்பாசிட்டருக்கே இவ்வளவா?" என்று கேட்டவர்கள் பலர். அதைக் கட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்கள் சிலர். வராதவர்களுக்காகவே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு வேண்டிய உயர் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் நியான் விளம்பரப் பலகைகளில் இருந்தது. அவை எல்.ஈ.டி.க்கு மாறிவிட்டதால் பழைய நியான் டிரான்ஸ்ஃபார்மரைக் காயலான் கடையில்தான் தேட வேண்டும். நம்முடையது 15 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர். எர்த் ஃபால்ட் பாதுகாப்பு வைத்த புதுவகை நமக்கு ஆகாது, ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மர் போதாதா என்றும் கேட்டார்கள். அது தருவது 2 கிலோவோல்ட் அளவுதான். கரண்டும் தாறுமாறாகப் பாயும். நியானும் சாது அல்ல, ஆள் கொல்லும்.

15 கிலோவோல்ட்டை 30 மில்லிஆம்பியரால் வகுத்தால் 5 லட்சம் ஓம். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அதற்கு ஒத்திசையும் (இரண்டும் சேர்ந்து வோல்டேஜை ஏற்றும்) கெப்பாசிட்டன்ஸ் 6.4 நானோஃபாரட். அமெரிக்க அட்டவணையில் 5.3 என்றிருப்பது அவர்கள் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸுக்கானது, அதை அப்படியே எடுக்கக் கூடாது. சரியாக 6.4 வைத்தாலும் ஆபத்து: ஸ்பார்க் கேப் சற்று அகன்றுவிட்டால் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய் டிரான்ஸ்ஃபார்மரின் உள் காப்பைத் துளைத்துவிடும். ஆகவே ஒன்றரை மடங்கு, 10 நானோஃபாரட் என்று முடிவு செய்தோம்.

0.15 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் 15-ஐத் தொடராக இணைத்தால் அதே 10 நானோஃபாரட். உச்ச வோல்டேஜ் 21.2 கிலோவோல்ட், ஒன்றின் பங்கு சுமார் 1,414 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பச்சைப் பாலியஸ்டர் கெப்பாசிட்டரை ஏன் வாங்கவில்லை என்பதற்கும் பதில் இதோ: 200 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதன் இழப்பு பல மடங்கு, சூடாகி வெடிக்கும். பிரைமரி 50 மைக்ரோஹென்றி என்றால் ஒவ்வொரு பொறிக்கும் 300 ஆம்பியர் உச்சக் கரண்ட் பாயும். உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு மட்டும் உள்ள சாதாரண வகையில் முனை இணைப்பே கழன்றுவிடும். உப்புநீர் நிரப்பிய பாட்டில்களையே கெப்பாசிட்டராக வைக்கலாம் என்ற யோசனைக்கு நன்றி. தூக்கி வைக்க ஆள் வருவார்களா?

நிறுத்திய பிறகு தங்கும் சார்ஜை வடிக்க, ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.7 மெகாஓம், அரை வாட் ரெசிஸ்டர் நான்கு, தொடராக. ஒரே 10 மெகாஓம் போட்டால் வாட் கணக்கில் தாங்கும், வோல்ட் கணக்கில் தாங்காது. உடல்மேலேயே பொறி ஓடும். பத்து விநாடியில் சார்ஜ் வடிந்துவிடும். ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வடியாது. 2 ஜூலுக்கு மேல் நிற்கும் பெட்டி இது. பிளக்கைப் பிடுங்கி, எர்த் கம்பியால் முனைகளைத் தொட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

ஐந்தைந்தாக மூன்று வரிசை, அக்ரிலிக் தகட்டில். வளைந்து திரும்பும் வரிசைகளின் திறந்த முனைகளுக்கிடையே 14 கிலோவோல்ட் நிற்பதால் நடுவே நீளத் துளை வெட்டியிருக்கிறோம். பிளைவுட் கூடாது, கடற்கரை ஈரத்தில் கரிக்கோடு விழுந்துவிடும். ஸ்பார்க் கேப் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே, கெப்பாசிட்டரும் பிரைமரியும் தொடராக அதற்கு அப்பால். வோல்டேஜ் மிகுந்தால் டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் பாதுகாப்பு கேப்பை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஓடும்போது பொறி வருவது நிற்கும் வரை அகலப்படுத்தி வைத்தோம். செகண்டரியின் அடிமுனைக்குத் தனி எர்த் கம்பி, வீட்டு எர்த்தில் சேர்க்கக் கூடாது. ஜூலை 10, டெஸ்லா பிறந்தநாளில் ஓட்டிக் காட்டினோம். கைதட்டல் இருந்தது.

வரவைவிடச் செலவு சற்று அதிகம், விவரம் பொருளாளரிடம். தணிக்கை செய்தவருக்கும், இடம் தந்தவருக்கும், தேநீர் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சுழலும் ஸ்பார்க் கேப் செய்யலாம் என்று எண்ணம். அதற்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குச் சந்தா வேண்டும். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை இங்கே படிக்கவில்லை, அறிவிப்புப் பலகையில் இடம் இருக்கிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவர் யாராவது இருந்தால், கெப்பாசிட்டர் பெட்டியின் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார்.

செயலாளர்