பால்கனிக்கு நாட்டுக் கனகாம்பரம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு ஒருவழியாக மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. இனி பேரனை நினைத்தபோது பார்க்கலாம்.

பால்கனியில் கனகாம்பரம் வைக்க எந்த ரகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நர்சரியில் கேட்டால் டெல்லி கனகாம்பரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பூ பெரிசு, நல்ல அடர்த்தியான நிறம், பார்த்ததும் பிடித்துப்போகும். ஆனால் அது விதை வைக்காது. செடியின் குணங்களைத் தாங்கி விதைக்குக் கொண்டுபோகும் குரோமோசோம் சாதாரணச் செடிக்கு இரண்டு தொகுதி, இதற்கு மூன்று. அதனால் குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க முடியும். நீ, விதை போட்டு வளர்க்கக்கூடிய நாட்டுக் கனகாம்பரத்தையே வை. தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குச் சொந்த மண். நாம் சிறுமிகளாக இருந்தபோது கிணற்றடியில் தானாக முளைத்துக் கிடந்த செடி, இன்று இந்தத் தெருவில் என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தக் காய் வெடிப்பது நினைவிருக்கிறதா? கதிர் காய்ந்து பழுப்பான பிறகும் செதில்களுக்கு நடுவே காய் அசையாமல் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் பட்டென்று இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் விதைகளைத் தூர வீசும். மழை வந்து மண் நனையும் நேரமாகப் பார்த்து விதையை விடுகிறது, எவ்வளவு கெட்டிக்காரச் செடி! பேரன் வந்தால் தண்ணீர்க் கிண்ணத்தோடு அந்தச் செடிப் பக்கமே உட்கார்ந்திருக்கிறான்.

தொட்டியில் வருமோ என்று சந்தேகப்படாதே. குளிர் நாடான ஸ்வீடனிலேயே தொட்டிக்கென்று குட்டை ரகம் ஒன்றை உருவாக்கி ‘மோனா வால்ஹெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்துகொள். அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது, தேங்கினால் செடி அப்படியே வாடிவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக வருவது நூற்புழுவால், அது மண்ணில் இருக்கும் மிக நுண்ணிய புழு. கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி அதுதான். மண் கலக்கும்போதே ஒரு கை வேப்பம்புண்ணாக்கு போட்டுவிடு. உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்றாய். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் நல்லது.

பூ கதிரின் அடியிலிருந்து மேலே மேலே வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் போதும். மெல்லப் பிடித்து இழுத்தால் மெலிசான குழல் கையோடு வந்துவிடும், இதழெல்லாம் ஒரே பக்கமாக விசிறி மாதிரி விரிந்திருக்கும். பூத்து முடிந்த கதிரைச் செடியிலேயே விட்டுவைக்காமல் கிள்ளிவிடு, பக்கத்தில் புதுக் கிளை கிளம்பிப் பூக்கும். விதைக்காக மட்டும் இரண்டு கதிரை விட்டுவை. வாசனை இல்லாத பூ என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. காலையில் வைத்த சரம் ராத்திரி வரை தலையில் கனக்காமல், வாடாமல் இருக்குமே!

ஆடி பிறந்ததும் விதை போடலாம். சின்னவள் அடுத்த மாதம் சென்னை வருகிறாள், அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பால்கனி கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா என்று நீ எழுதவில்லை. மேற்கு என்றால் மதிய வெயிலுக்கு ஒரு மறைப்பு கட்ட வேண்டியிருக்கும். அதை உடனே எழுது.

அன்புடன்,
உன் கமலா