இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய வண்டி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த ரோபோ வண்டி செய்யும் பயிற்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். எந்த உதவி எங்கே பயன்பட்டது என்று சொல்லாத நன்றி வெறும் பொன்னாடைதான். அதனால் கொஞ்சம் விவரமாகவே.

முதல் நன்றி செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரருக்கு. பிள்ளைகள் ஈயத்தைச் சால்டரிங் (பற்றவைக்கும்) கருவியின் முனையில் உருக்கி ஒயர் மேல் சொட்டவிட்டார்கள். பார்க்கப் பளபளக்கும், வண்டி அதிர்ந்ததும் பிய்ந்துவிடும். "பொடியச் சுடாதீங்க கண்ணு, பொருளச் சுடுங்க. அது தானா ஓடும்" என்று வெள்ளியில் செய்து காட்டினார். இங்கும் அதேதான்: மோட்டார் முனையையும் ஒயரையும் இரண்டு மூன்று வினாடி சூடாக்கிய பிறகே ஈயத்தைத் தொட வேண்டும். கொலுசுக்கு வெங்காரம் செய்வதை, அதாவது அழுக்கை நீக்கி உருகியதை ஒட்டவைப்பதை, ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பிசின் செய்கிறது.

9 வோல்ட் சதுர பேட்டரி கேட்டபோது விற்க மறுத்த கடைக்காரருக்கும் நன்றி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அதனால் தர முடியாது. வோல்டேஜ் சரிந்து, வண்டியின் மூளையான அர்டுயினோ பலகை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அவர் சொன்னபடி இரண்டு 18650 செல்லை (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்)த் தொடராக இணைத்தோம்: 7.4 வோல்ட். மோட்டாரை ஓட்டும் எல்298என் டிரைவர் பலகை சுமார் 2 வோல்ட்டை விழுங்கினாலும், மிச்சம் சக்கரத்தைச் சுற்றும் மஞ்சள் பிஓ மோட்டாருக்குப் போதும். பேட்டரி, டிரைவர், அர்டுயினோ மூன்றின் மைனஸும் ஒன்றாகச் சேராவிட்டால் எதுவும் நடக்காது. பாதி வண்டிகள் நின்றது அதனால்தான்.

ஏற்காட்டில் ஹாலும், முக்கியமாகத் திரைச்சீலையும் தந்த தலைமையாசிரியருக்கு. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியிருந்தோம். அடியில் உள்ள இன்ஃப்ராரெட் சென்சாரால் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தே வண்டி போகும். பனிமூட்டம் இருந்தவரை வண்டி ஒழுங்காகப் போனது. வெயில் வந்ததும் தடம் மாறியது, ஏனென்றால் வெயிலிலும் இன்ஃப்ராரெட் உண்டு. சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். திரையை இழுத்து, சென்சாரின் திருகைத் திருப்பிச் சரிசெய்தோம். வளைவில் நிரலில் வேகத்தை உச்ச அளவான 255 வைத்தால் பாய்ந்துவிடும், 120 அளவே போதும்.

ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரை மலை மேலும் கீழும் சோதிக்கச் சொன்ன இயற்பியல் ஆசிரியைக்குத் தனி நன்றி. எதிரொலி நேரத்தை (மைக்ரோ வினாடியில்) சென்டிமீட்டராக மாற்ற வழக்கமான நிரலில் வரும் 58 என்ற வகுஎண் ஏறக்குறைய 23 டிகிரிக்குப் பொருந்துவது. 38 டிகிரி சேலத்து வெயிலில் ஒலி வேகமாகப் போவதால், ஒரு மீட்டர் தூரத்தை இரண்டரை சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். ஏற்காட்டுக் குளிரில் கூட்டிக் காட்டும். வெப்பம் கூடினால் ஒலியின் வேகமும் கூடும் என்ற பாடப்புத்தகச் சூத்திரத்தை அன்று யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

பெட்டிகளை ஏற்றவிட்ட பஸ் கண்டக்டருக்கும், டீ போட்டுத் தந்த அம்மாக்களுக்கும் நன்றி.

வண்டிகள் பள்ளி அலமாரியிலேயே இருக்கின்றன. பூட்டும் முன் செல்களை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்